சித்திரை முதல் நாளில் மலையேறிய டாங்கிகள்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வணிகத்தோடு வெடிமருந்துத் தொழிலும் நடத்திய கம்பெனிக்காரர்கள் அங்கே கிடக்கிறார்கள். பெயர், குலச்சின்னம், இறந்த நாள் எல்லாம் கல்லில் இருக்கின்றன. முந்நூறு ஆண்டு உப்புக்காற்று வீசியும் பல எழுத்துகள் அழியவில்லை. கல்லெறி தூரத்தில் நம் குப்பங்கள். கடலுக்குப் போய் உடலாகக்கூடத் திரும்பாதவர்கள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களில் எவர் பெயரும் கல்லில் இல்லை. நினைவைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தே என் கண்முன் வருகின்றன.

இரண்டாம் உலகப் போரில் இறந்த டாங்கிப் படையினரைப் பற்றிப் இந்தப் பழவேற்காட்டு மலரில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அந்தப் போர் நம் கரையை ஒட்டித்தான் நடந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் நகரமே காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. நமக்குத் தெற்கே செங்குன்றம் ஏரியில் கேட்டலினா விமானங்கள் தண்ணீரிலேயே இறங்கி, தண்ணீரிலிருந்தே எழும்பி வங்கக்கடலைச் சுற்றிவந்தன. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டும் போட்டுவிட்டுப் போனது. ஆனால் எதிரியின் பெரும்படை கடல்வழி வரவில்லை. 1944 மார்ச்சில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்து, காட்டுவழியாக இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் வந்தது.

இம்பால் சமவெளியின் வடகிழக்கில் நுங்ஷிகும் என்றொரு மலை. சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக எழும்பும். அதன் உச்சியில் நிற்பவனுக்கு இம்பால் விமானத்தளம் உள்ளங்கைபோலத் தெரியும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அந்த உச்சி ஜப்பானியர் கையில் இருந்தது. சாலைகள் அடைபட்டு, அரிசியும் தோட்டாவும் விமானத்தில் மட்டுமே வந்துகொண்டிருந்த நேரம் அது. மலையை மீட்காவிட்டால் இம்பால் நிலைக்காது.

ஏப்ரல் 13. நமக்குத் தாரண ஆண்டுச் சித்திரை முதல் நாள். குப்பத்து வீடுகளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். அன்று காலை 17ஆவது டோக்ரா ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனிலிருந்து இரண்டு கம்பெனிகள் அந்த மலையில் ஏறின. அவர்களோடு, மூன்றாவது கராபினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாங்கி ரெஜிமெண்டின் பி ஸ்குவாட்ரனும் ஏறியது. போருக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து, குதிரையை விட்டு டாங்கிக்கு மாறிய பழைய குதிரைப்படை அது. அவர்கள் ஓட்டியது அமெரிக்காவில் செய்த லீ டாங்கி. கிட்டத்தட்ட முப்பது டன் இரும்பு. பக்கவாட்டில் ஒரு பெரிய பீரங்கி, மேலே சுழலும் கூண்டில் ஒரு சிறிய பீரங்கி. ஆறேழு பேர் உள்ளே நெருக்கியடித்து உட்கார வேண்டும். அத்தனை உயரமான வண்டி அப்படிப்பட்ட சரிவில் ஏறும் என்று ஜப்பானியர் எதிர்பார்க்கவேயில்லை.

ஏறிய பிறகுதான் ஆபத்தே தொடங்கியது. முகடு குறுகலானது, இரண்டு பக்கமும் பள்ளம். டாங்கிக்குள்ளிருந்து பார்க்கும் பிளவு ஒரு விரற்கடைதான். சங்கிலிப்பட்டை எங்கே போகிறது என்று ஓட்டுபவனுக்குத் தெரியாது. அவனுக்கு வழிசொல்ல வேண்டிய தலைவன் மூடியைத் திறந்து தலையையும் தோளையும் வெளியே நீட்டியே ஆக வேண்டும். அப்படி நீட்டியவர்களைப் பதுங்குகுழியிலிருந்து குறிபார்த்துச் சுட்டார்கள். தலை நீட்டினால் சாவு என்பது முதல் ஆள் விழுந்ததுமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அடுத்தவர் நீட்டினார், அவருக்கு அடுத்தவரும் நீட்டினார். என்னை எப்போதும் உலுக்குவது இந்த இடம்தான். ஸ்குவாட்ரன் தலைவர் இறந்தார். மற்ற அதிகாரிகளும் ஒருவர் மிச்சமில்லாமல் அடிபட்டு வீழ்ந்தார்கள். டோக்ரா கம்பெனிகளின் அதிகாரிகளுக்கும் அதே கதி. மிஞ்சிய டாங்கிகளின் தலைமையை ஸ்குவாட்ரன் சார்ஜெண்ட் மேஜர் கிராடாக் ஏற்றார். டோக்ராக்களை அவர்களுடைய சுபேதார்கள் நடத்தினார்கள். ஓர் ஆங்கிலப் பேச்சும் ஒரு காங்ரா மலைப்பேச்சும் அந்த முகட்டில் எப்படிப் புரிந்துகொண்டனவோ என்று நினைப்பேன். புரிந்துகொண்டன என்பதற்கு மலை மீண்டதே சாட்சி.

இந்தச் சண்டையை அந்த ரெஜிமெண்ட் நினைவு வைத்திருக்கும் முறையைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். மூன்றாவது கராபினியர்ஸ் 1971இல் வேறொரு ரெஜிமெண்டோடு இணைந்து ராயல் ஸ்காட்ஸ் டிரகூன் கார்ட்ஸ் ஆகிவிட்டது. பெயர் மாறியும் வழக்கம் மாறவில்லை. நுங்ஷிகும் நாளில் பி ஸ்குவாட்ரன் அணிவகுக்கும்போது அதிகாரி எவரும் வரிசையில் நிற்பதில்லை. சார்ஜெண்ட் மேஜரே தலைமை ஏற்று நடத்துகிறார். இறந்தவர்களுக்கு மாலை போடுவது எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அந்த வெறுமையையே மரியாதையாக்குவது அபூர்வம். கடலில் ஒருவரைப் பறிகொடுத்த நாளில் குப்பமே வலை எடுக்காமல் கரையில் உட்கார்ந்திருக்குமே, அது எனக்கு நினைவுக்கு வரும்.

கோஹிமாவிலும் டாங்கிதான் கடைசிப் பூட்டைத் திறந்தது. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தின் இந்தக் கோட்டில் ஒருவரும் அந்தக் கோட்டில் ஒருவருமாக இரண்டு படைகள் வாரக்கணக்கில் பதுங்கிக் கிடந்தன. மே 13ஆம் தேதி 149ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த சார்ஜெண்ட் வாட்டர்ஹவுஸ் மேலேயிருந்து தன் டாங்கியை அந்த மைதானத்துக்குள் இறக்கி, பதுங்குகுழிகளை மிக அருகிலிருந்து சுட்டுத் தகர்த்தார். மலைச்சரிவில் உருண்டு சிக்கிய இன்னொரு டாங்கி, விழுந்த இடத்திலேயே இன்றும் நிற்கிறது. கோஹிமா கல்லறைத் தோட்டத்தில் 1,420 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்குத் தனி நினைவுச்சின்னம் உண்டு.

அங்கே நம்மவர் இல்லாமல் இல்லை. அந்த 1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் ஸ்டூவர்ட் டாங்கிகளோடு போரிட்ட ஏழாவது லைட் கேவல்ரி, பிறப்பால் பழைய மதராஸ் குதிரைப்படை. நான்கு ஆண்டு கழித்து, 1948 நவம்பர் 1 அன்று, அதே ரெஜிமெண்ட் காஷ்மீரில் பதினோராயிரம் அடி உயரத்து ஸோஜி லா கணவாயில் டாங்கி ஏற்றியது. அதற்குப் பாதை வெட்டிக் கொடுத்தவர்கள் படைப் பொறியாளர்களான மதராஸ் சேப்பர்ஸ். அந்தச் சேப்பர்ஸைச் சேர்ந்தவர்தான் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது, மிதிபட்ட ஒரு வெடியின் மேல் தன் உடலைப் போட்டு மூடி, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் சிலுவை வழங்கினார்கள். அவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். பொன்னேரி வட்டமும் பழவேற்காடும் அன்று அதே மாவட்டத்தில்தான் இருந்தன. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. 1965இல் விஜயந்தா அங்கிருந்துதான் வெளிவந்தது. இரும்பை அறிந்திருக்கிறோம், இரும்புக்குள் உட்கார்ந்தவனை அறியவில்லை.

சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க்கல்லறைத் தோட்டத்தை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பராமரிக்க ஆளில்லாமல் பல ஊர்களில் சிதறிக் கிடந்த கல்லறைகளை ஒன்றுசேர்க்க 1952இல் அமைத்தது. 856 பேர். எல்லாக் கல்லும் ஒரே உயரம். மேஜருக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடில்லை. மேலே ரெஜிமெண்டின் சின்னம், கீழே எண், பதவி, பெயர், நாள், வயது. சிலவற்றில் அடியில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. வயதை வாசித்துக்கொண்டே நடந்தால் பத்துக் கல்லைத் தாண்டுவதற்குள் தொண்டை அடைக்கும். பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது.

உடலே கிடைக்காதவர்களுக்கு? எரிந்த டாங்கிக்குள் இருந்தவனுக்கும் காட்டில் தொலைந்தவனுக்கும் கல்லறை எப்படி எழுப்புவது? பர்மாவில் ரங்கூனுக்கு அருகே தௌக்கியானில் தூண்தூணாக நிற்கும் நினைவிடத்தில் அப்படிப்பட்ட ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனிப் பெயர்.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நெஞ்சு பொறுக்காது. அதே போரில் சயாம்-பர்மா ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் இழுத்துப்போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களோடு ஒரே மண்ணைச் சுமந்த நம் கூலிக்காரர்களுக்கு ஆளுக்கொரு கல் கிடையாது. வெள்ளைக்காரன் தன் இறந்தவர்களைப் பேணியதை நான் குறையாகச் சொல்லவில்லை. பேர் எழுதி வைக்க ஒருவர் உட்கார்ந்ததால் அவர்கள் பெயர் நின்றது. நமக்காக அன்று யாரும் உட்காரவில்லை.

எழுதி வைக்கும் பழக்கம் நம் குப்பங்களுக்குப் புதிதும் அல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் மூன்றிலும் ஏரியில் சுத்துவலை போடும் பாடு முறை இன்றும் தலைக்கட்டுக் கணக்கில்தான் நடக்கிறது. யார் வீட்டுக்கு எந்த நாள், எந்தப் பாடு என்பதில் ஒரு பெயர் விடுபட்டால் ஊர் கூடிவிடும். உயிரோடிருப்பவர் பெயரை இத்தனை கவனமாகக் காக்கும் ஊர், கடலில் போனவர் பெயருக்கும் ஒரு நோட்டுப் போடலாமே.

நந்தம்பாக்கம் போன்ற தோட்டங்களில் நுழைவாயிலருகே சுவரில் ஒரு சிறு பெட்டி பதித்திருப்பார்கள். பூட்டு இருக்காது. உள்ளே பதிவேடு, அகரவரிசையில் எல்லாப் பெயரும், எந்த வரிசையில் எத்தனையாவது கல் என்பதோடு. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இந்த மலரின் குழுவினருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: கடைசி நான்கு பக்கங்களைக் கோடு மட்டும் போட்டு வெற்றாக விடுங்கள். மலர் கைக்கு வந்த அன்று ஒவ்வொரு தலைக்கட்டிலும் மூத்தவர்கள் உட்கார்ந்து, தங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கும் கடலுக்கும் பர்மாவுக்கும் போருக்கும் போய் வராதவர்களின் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதட்டும்.