கடைக்கு முன்னே கோயில்

தீபாவளி நெருங்கிடுச்சு. லிட்டில் இந்தியாவுல நடக்கவே இடமில்லை. அந்தக் கடைகளுக்கு நடுவுலதான் நம்ம குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலும் இருக்கு.

இந்தக் கோயில் எழுந்தது 1833-ல். அதற்கு முன்பு இங்கே இருந்தது ஒரு சிறிய வழிபாட்டிடம்தான். அக்காலத்தில் இந்தப் பகுதியில் வாழ்ந்த தமிழர்களில் பலர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், படகு வலித்தவர்கள். கடல் கடந்து வந்து உழைத்த காசில் ஒரு பங்கை அம்மனுக்கு எடுத்து வைத்தவர்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜார்ஜ்டவுன் மீது குண்டு வீசிப் பினாங்கைப் பிடித்தனர். 1945 வரை அரிசிக்கும் துணிக்கும் பெரும் தட்டுப்பாடு. மரவள்ளிக்கிழங்குதான் பல வீடுகளில் சாப்பாடு. புதுத்துணி இல்லாமலும் தீபாவளி வந்துபோனது. நம்ம பண்டிகை துணியிலயும் பலகாரத்துலயும் மட்டும் இல்லைன்னு அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

இன்னிக்கு நமக்கு அம்மா எல்லாம் கொடுத்திருக்கா. ஆனா தவணையில சோபா, கிரெடிட் கார்டுல பட்டுச்சேலை. அடுத்த மாசம் பில் வந்ததும் வீட்ல சண்டை. பிள்ளைங்க படிப்புக்கு வச்ச காசும் போயிடுது.

வாங்கவே வேண்டாம்னு சொல்லலை. கடைக்காரங்களும் நம்ம ஆளுங்கதான், அவங்களும் பிழைக்கணும். கையில இருக்கிற வெள்ளிக்கு வாங்குவோம், கடன் வேண்டாம்.

கடைக்குப் போற வழியிலதான் கோயில். முதல்ல உள்ள வாங்க. ஒரு விளக்கு ஏத்தி, இருக்கிறதுக்கு நன்றி சொல்லிட்டு, அப்புறம் கடைக்குப் போவோம்.

ஓம் சக்தி.