ஆய்வு மாணவர் கையேடும் 1966ஆம் ஆண்டு நூலடைவும்

மலேசியாவில் தமிழாய்வு மேற்கொள்ளும் மேற்பட்டப்படிப்பு மாணவர்க்கான வழிகாட்டி எனும்போது முதலில் நினைவுக்கு வருவது, 'எ ரெஃபரன்ஸ் கைடு டு தமிழ் ஸ்டடீஸ்: புக்ஸ்' என்னும் ஆங்கில நூலடைவாகும். 1966இல் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இதனைத் தொகுத்தவர், 1961 முதல் 1969 வரை இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய சேவியர் தனிநாயகம் அடிகளார்.

துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. தமிழைப் பற்றிய நூல்களோ சென்னை, இலண்டன், பாரிசு, லெய்டன் எனப் பல நகரங்களில் சிதறிக் கிடந்தன. லெம்பா பந்தாய் வளாகத்தில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர், தம் பொருள்பற்றி முன்னரே எழுதப்பட்டவற்றை எவ்வாறு அறிவது? முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இந்நகரில் கூடிய 1966ஆம் ஆண்டிலேயே நூலடைவும் வெளிவந்தது தற்செயலன்று எனக் கருதலாம். அடிகளார் பதிப்பித்த 'தமிழ் ஸ்டடீஸ் அப்ராட்' (1968), எந்நாட்டில் எத்தகைய தமிழாய்வு நடைபெறுகிறது என்பதைக் காட்டி, இதனை நிறைவு செய்தது.

எனினும், அந்நூலடைவைப் புரட்டும் மாணவர்க்குத் தமிழாய்வு 1966ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தையோ அதில் தேட இயலாது. குறை தொகுத்தவருடையதன்று. தொடரும் பணி தனிமனிதர் ஒருவரின் உழைப்பையே சார்ந்திருந்தது. அவர் 1969இல் இங்கிருந்து விலகினார்.

இதனோடு சிகாகோ பல்கலைக்கழகக் கையேடு ஒன்றை ஒப்பிடுவது பயன் தரும். அங்கு 1930 முதல் 1958 வரை ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலராக இருந்த கேட் துராபியன், 1937இல் மாணவர்க்கென ஒரு சிறு கையேட்டை எழுதினார். அவர் பேராசிரியர் அல்லர். மாணவர் செய்யும் பிழைகளை நாள்தோறும் கண்டவர். அதனாலேயே அவருடைய விதிகள் நடைமுறைக்கு ஏற்றவையாக அமைந்தன. அவர் 1987இல் மறைந்த பின்னரும் பதிப்பகத்தார் அதனைத் திருத்தி வருகின்றனர். ஒன்பதாம் பதிப்பு 2018இல் வெளிவந்தது. அக்கையேட்டைக் காப்பது ஒரு நிறுவனத்தின் கடமையாக அமைந்துவிட்டதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

அயல்நாட்டுக் கையேட்டை அப்படியே எடுத்தாளலாமே என்பாரும் உளர். அங்குதான் சிக்கல் எழுகிறது. ஆசிரியரின் குடும்பப்பெயரை முதலில் எழுதுக என்பது அக்கையேடுகளின் பொதுவிதி. மலேசியத் தமிழர் பெயரில் 'த/பெ' என்பதற்குப் பின் வருவது தந்தையின் பெயர். விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால், மகள் எழுதிய நூலுக்குத் தந்தை ஆசிரியராகிவிடுகிறார்! தலைப்பெழுத்தை முன்னிடுவதா பின்னிடுவதா, தமிழ் நூல்களை அகரவரிசையில் தனியே அடுக்குவதா, உரோமன் எழுத்தில் பெயர்த்து ஆங்கில நூல்களோடு கலப்பதா என்பனவும் இத்தகையனவே. ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறை உண்டு. ஏனையவற்றை மாணவர் அவரவர் மேற்பார்வையாளர் விருப்பப்படி எழுதுகின்றனர்.

இக்கட்டுரையாளர் அண்மையில் படித்த மூன்று ஆய்வேடுகளில் அடிகளாரின் அதே நூலடைவு, ஒன்றில் சேவியர் எனச் சகரத்திலும், மற்றொன்றில் தனிநாயகம் எனத் தகரத்திலும், பிறிதொன்றில் அடிகளார் என அகரத்திலும் இடம்பெற்றிருந்தது. மூன்றும் தேர்வாளர்களால் ஏற்கப்பட்டவை.