அறியாதிருக்கும் உரிமை: நான்சி வெக்ஸ்லரின் ஆய்வுப் பயணம்

1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இருபத்திரண்டு வயது அமெரிக்க மருத்துவர் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் சில குடும்பங்களைத் தொடர்ந்துவந்த நோயைப் பற்றியது அது. நடுவயதில் கைகால்கள் தம் வசமிழந்து ஆடத் தொடங்கும்; மனமும் மெல்லச் சிதையும். அவருடைய தந்தையும் பாட்டனாரும் அதே வட்டாரத்தில் மருத்துவம் பார்த்தவர்கள். மூன்று தலைமுறை மருத்துவர்களின் அனுபவம் இருந்ததால்தான், இது பரம்பரையாக வருவது என்று அந்த இளைஞரால் உறுதியாகக் கூற முடிந்தது. நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. 1968இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மில்டன் வெக்ஸ்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர் தம் இரு மகள்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்ல நேர்ந்தது. அவர்களுடைய தாய் லியோனோர் தெருவில் தள்ளாடி நடந்ததைக் கண்ட காவலர் ஒருவர், குடித்திருக்கிறாரா என்று கேட்டார். அதன் பின்னரே நோய் கண்டறியப்பட்டது. லியோனோரின் தந்தையும் மூன்று சகோதரர்களும் இதே நோய்க்கு ஆளானவர்கள். மில்டன் அவ்வாண்டே பரம்பரை நோய்களுக்கான ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். இளைய மகள் நான்சி உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, இந்த ஆய்வையே தம் வாழ்வாக ஏற்றார்.

மரபணுவைத் தேட ஒரு பெரிய குடும்பம் வேண்டும். அது வெனிசுலாவில், மரகைபோ ஏரிக்கரையின் ஏழை மீனவக் கிராமங்களில் இருந்தது. அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற வெனிசுலா மருத்துவர் 1950களிலேயே அங்கு இந்நோயை இனங்கண்டு எழுதியிருந்தார் என்பதை இங்கே மறந்துவிடலாகாது. 1979இல் முதன்முறை அங்கு சென்ற நான்சி, 1981 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் ஆய்வுக் குழுவுடன் சென்றார். பத்துத் தலைமுறைகளைச் சேர்ந்த 18,000க்கும் மேற்பட்டோர் அடங்கிய வம்சாவளி எழுதப்பட்டது. 4,000க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகள் சேர்ந்தன. தம் குடும்பத்திலும் இதே நோய் உண்டு என்றும், தாமும் ஆய்வுக்குத் தோல் மாதிரி கொடுத்தவரே என்றும் சொல்லிக் கையிலிருந்த வடுவைக் காட்டிய பிறகே பலர் அவரை நம்பினர்.

அந்த இரத்தம் பாஸ்டனுக்குச் சென்றது. 1983இல் ஜேம்ஸ் குசெல்லாவின் குழு, நோய்க்குரிய மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பதாகக் காட்டியது. மரபணுவையே பிரித்தெடுக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1993இல், ஐம்பத்தெட்டு அறிவியலாளர்களின் கூட்டு முயற்சியில் அது கிடைத்தது. டி.என்.ஏ.வில் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே நோயின் மூலம். நாற்பது முறையோ அதற்கு மேலோ வந்தால், இயல்பான ஆயுள் வாழும் ஒருவருக்கு நோய் வந்தே தீரும்.

வெற்றிக் கதைகள் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். ஆனால் உண்மையான கேள்வி இங்கேதான் பிறக்கிறது. மருந்து வருமுன் சோதனை வந்துவிட்டது. இருபது வயதில் ஒருவர் தம் ஐம்பதாவது வயதின் நிலையை அறிந்துகொள்ளலாம். அதைத் தடுக்க எதுவும் செய்ய இயலாது. ஊழைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகளாகச் சிந்தித்து வரும் மொழியில் இதைப் படிக்கும் நமக்கு, ஊழ் எழுத்தெண்ணிக்கையாக ஆய்வகத் தாளில் வந்து நிற்பது புதிய அதிர்ச்சி. ஆபத்து வாய்ப்புள்ளோரில் மிகப் பலர் இன்றும் அந்தச் சோதனையைச் செய்துகொள்வதில்லை. தாம் செய்துகொண்டாரா என்று சொல்ல நான்சியும் நெடுங்காலம் மறுத்தே வந்தார். அறியும் வழியைத் திறந்தவரே, அறியாதிருப்பதும் மனிதரின் உரிமை என்பதற்கு அரணாக நின்றார். 2020இல், எழுபத்து நான்காம் வயதில், தமக்கும் அந்நோய் இருப்பதை அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார்.

மரகைபோவுக்கான கடன் இன்னும் தீரவில்லை. அறக்கட்டளையின் ஆதரவில் 1999இல் அங்கே தொடங்கப்பட்ட பராமரிப்பு இல்லமும் பின்னர் மூடப்பட்டது. உலகெங்கும் இன்று இந்நோய்க்கான சோதனை அம்மக்களின் இரத்தத்திலிருந்து பிறந்தது. நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து ஒன்று வருமானால், அது முதலில் சென்று சேரவேண்டிய இடம் அந்த ஏரிக்கரையே.