தோட்டத்திலிருந்து பாசறைக்கு

படைக்கு ஆள் திரட்டுதல் எந்நாட்டு அரசுக்கும் எளிய செயலன்று. தாமே முன்வரும் தொண்டரைப் பெறுதல் அதனினும் அரிது. 1943இல் மலாயாவில் நிலைமை தலைகீழாயிற்று. தொண்டர்கள் வந்து நின்றனர், துப்பாக்கிகள்தாம் போதவில்லை.

அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்ற சுபாஷ் சந்திர போஸ், மூன்று இலட்சம் வீரரும் மூன்று கோடி வெள்ளியும் வேண்டுமென்றார். அதுவரை இந்திய தேசியப் படையில் இருந்தோர் பெரும்பாலும் 1942 பிப்ரவரியில் சிறைப்பட்ட சிப்பாய்கள். இப்போது பொதுமக்கள் ஏறத்தாழ 18,000 பேர் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர், அதிலும் தோட்டத் தொழிலாளர். போஸ் கேட்ட தொகையை நோக்க இது சிறிதே. ஆயினும் ஆயுதம், சீருடை, பயிற்றுநர் ஆகியவை இவர்களுக்கே போதவில்லை. கட்டளை மொழியான இந்துஸ்தானியையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

பிரிட்டிஷார் தமிழரைப் 'போர்க்குடி'களாகக் கருதியதில்லை. சென்னை மாகாணத்துக் காலாட்படைப் பிரிவுகளை 1920-களின் இறுதிக்குள் கலைத்துவிட்டனர். உலகப்போரில் ஆள் தேவை பெருகிய பின்னரே, 1941இல், மதராஸ் ரெஜிமெண்ட்டை மீண்டும் எழுப்பினர். தள்ளப்பட்ட அக்குடியினர் மலாயாவில் ஏன் முன்வந்தனர்?

விடையின் ஒரு பகுதி கிள்ளானில் இருக்கிறது. மேருவை உள்ளடக்கிய அம்மாவட்டத்தின் தோட்டங்களில் 1941இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்பதும் ஒரு கோரிக்கை. கூலியோடு மானத்தையும் அவர்கள் பெரிதாக எண்ணியதற்கு இது ஒரு சான்று. தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். ஈராண்டு கழித்து, இறங்கி நின்றவனை நிமிர்ந்து நிற்கச் சொல்லி ஒரு படை அழைத்தது.

எனினும் மானவுணர்வு ஒன்றே காரணம் என்பது முழு உண்மையாகாது. அதே காலத்தில் ஜப்பானியர் தோட்டத் தமிழரைச் சயாம் இரயில் பாதைக்கு ஆயிரக்கணக்கில் கொண்டுபோயினர். போனவர் பலர் மீளவில்லை. அச்சாவினின்று தப்பப் பாசறையை நாடியோரும் உண்டு. அவர்களைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று; பசியும் அச்சமும் வீரத்தோடு கலந்தே மனிதனை நடத்துகின்றன.

பெண்களும் வந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த, வசதியான குடும்பத்துப் பெண்ணான ஜானகி தேவர், பதினெட்டு வயதில் அணிகலன்களைக் கொடையாக அளித்து, தந்தையின் கையொப்பம் பெற்று ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவர். அதன் முதல் தலைவர் ஜான் திவியும் போஸின் இயக்கத்தில் பணியாற்றியவரே.

பெயர் பதிவாகாத ஆயிரக்கணக்கானோர், 1945இல் படை கலைந்ததும், பழைய தோட்டங்களுக்கே திரும்பி மீண்டும் பால்மரம் வெட்டினர்.