குட்டைக்கொம்பு மாடு பிறந்த கதை

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டார்லிங்டனை ரயில் வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1825-ல் திறந்த ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதை உலகப் புகழ் பெற்றது. அதற்கு ஒரு தலைமுறை முன்பே அந்த ஊர்ப்பக்கத்து மாடு ஒன்று புகழ் பெற்றுவிட்டது. சிவப்பு, வெள்ளை, இரண்டும் கலந்த ரோன் நிறங்களில், குட்டைக் கொம்போடு இருக்கும் ஷார்ட்ஹார்ன்தான் அது. கறிக்கும் பாலுக்கும் உதவும் இந்த இனம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா என்று பல நாடுகளுக்குப் பரவியது. அதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஒரு விவசாயக் குடும்பத்தின் ஒரே தலைமுறைக்கு உண்டு. ராபர்ட் காலிங், சார்லஸ் காலிங் என்ற அண்ணன் தம்பி அவர்கள்.

அண்ணன் ராபர்ட் 1749-ல் பிறந்தார், தம்பி சார்லஸ் 1751-ல். விவசாயியான அப்பாவுக்குப் பிறகு கெட்டன் பண்ணை சார்லஸிடம் வந்தது. ராபர்ட் முதலில் மளிகைத் தொழில் பழகப் போனவர். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்து, பக்கத்திலேயே பார்ம்டனில் பண்ணை நடத்தினார். மாட்டு உலகம் சார்லஸின் பெயரைத்தான் அதிகம் சொல்கிறது. ராபர்ட்டின் தொழுவத்தைப் பார்த்தால் அது கொஞ்சம் அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டீஸ் ஆற்றங்கரையில் ஏற்கெனவே பெரிய உருவமுள்ள மாடுகள் இருந்தன. நன்றாகப் பால் கறக்கும். ஆனால் உடம்பில் கறி பிடிக்க வருடக்கணக்கில் தீனி போட வேண்டும். நகரங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். கறிக்குக் கிராக்கி இருந்தது. கொழுப்புக்கு அதைவிடக் கூடுதலாகவே மரியாதை இருந்தது, ஏனென்றால் சாதாரண வீடுகளில் எரிந்த மெழுகுவத்தி மாட்டுக் கொழுப்பில் வார்த்தது. டர்னிப் கிழங்குச் சாகுபடி பரவியதால் குளிர்காலத்திலும் தீவனம் கிடைத்தது. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் கொழுக்கும் மாடு யாரிடம் இருக்கிறதோ அவருக்குக் காசு. லெஸ்டர்ஷையரில் டிஷ்லி பண்ணையை வைத்திருந்த ராபர்ட் பேக்வெல் இந்தக் கணக்கை ஆடுகளில் போட்டுக் காட்டியிருந்தார். நல்லதை நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து குணத்தை நிலைநிறுத்துவது அவர் வழி. சார்லஸ் டிஷ்லிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

இனி ஹபக் என்ற காளையின் கதை. டார்லிங்டன் சந்தையில் சில இளங்கன்றுகளின் கறி மட்டும் மற்றவற்றைவிட நன்றாக இருப்பதைக் கவனித்து, அவற்றின் தகப்பன் எது என்று விசாரித்துக்கொண்டு போனார்களாம். போய்ச் சேர்ந்த இடத்தில் நின்றது 1777-ல் பிறந்த ஒரு சிறிய காளை. அதன் தாய், ஓர் ஏழையின் வீட்டில் சாலையோரப் புல்லை மேய்ந்து வளர்ந்த பசு என்பார்கள். கடைசியில் அந்தக் காளை 8 கினிக்கு சார்லஸ் கைக்கு வந்தது. ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். கதையில் எவ்வளவு மெருகேறியிருக்கிறதோ, ஆனால் சார்லஸ் அதில் எதைப் பார்த்தார் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். நம் சந்தையில் சுழி பார்ப்பதுபோல் அந்த ஊரில் தோலைத் தொட்டுப் பார்ப்பார்கள். விலாவில் விரலை அழுத்தினால் தோல் மெத்தென்று வழுக்கி நகர வேண்டும், மயிர் மென்மையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மாடு சீக்கிரம் சதை பிடிக்கும். ஹபக்கின் தோல் அப்படி இருந்தது.

பசு வேறு பக்கத்திலிருந்து வந்தது. சார்லஸும் மனைவி மேரியும் எரிஹோம் கிராமத்தில் மேனார்ட் என்பவர் வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டுப் பெண் ஒரு பசுவைக் கறந்துகொண்டிருந்தார். பார்த்த இடத்திலேயே பிடித்துப்போய், பசுவையும் கன்றையும் விலை பேசி முடித்தார்கள். லேடி மேனார்ட் என்று அந்தப் பசுவுக்குப் பெயர் வந்தது. மாடு பார்ப்பதில் மேரிக்கும் கணவருக்கு நிகரான கண் இருந்தது என்று அந்தக் காலத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ‘காலிங் சகோதரர்கள்’ என்ற பெயருக்குள் அந்த அம்மாள் காணாமல் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஹபக்கின் மகள் வயிற்றில் ஃபோல்ஜாம் என்ற காளை பிறந்தது. லேடி மேனார்டுக்கும் ஃபோல்ஜாமுக்கும் பிறந்தவள் ஃபீனிக்ஸ். அதே ஃபோல்ஜாமின் மகன் பாலிங்புரோக். தகப்பன் ஒருவனான இந்த இருவருக்கும் 1793-ல் பிறந்தது ஃபேவரிட். ஃபேவரிட்டைத் தன் தாய் ஃபீனிக்ஸுடனேயே சேர்த்ததில் யங் ஃபீனிக்ஸ் பிறந்தாள். அந்த மகளோடு மீண்டும் ஃபேவரிட்டையே சேர்த்ததில் 1804-ல் காமெட் பிறந்தது. ஃபேவரிட் இதோடு நிற்கவில்லை. மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று தொடர்ந்ததை டார்வின் தம் நூலில் உதாரணமாக எடுத்தாண்டிருக்கிறார். மரபியல் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இரண்டு விவசாயிகள் செய்த துணிச்சல் இது. குணம் நிலைக்கும்போது குறையும் சேர்ந்தே நிலைக்கும் என்பது அதிலுள்ள ஆபத்து. 1922-ல் அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட், நெருங்கிய உறவுக் கலப்பின் அளவைக் கணக்கிட ஒரு சூத்திரம் கண்டார். அதைப் போட்டுப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட மாடு காமெட். விடை 47 சதவீதம் வந்தது.

மாட்டை உருவாக்கினால் போதுமா, ஊருக்குத் தெரிய வேண்டாமா? இங்கே அண்ணன் தம்பி இருவருமே கெட்டிக்காரர்கள். 1796-ல் ஃபேவரிட்டுக்குப் பிறந்த ஒரு கன்றைக் காயடித்து எருதாக வளர்த்தார் சார்லஸ். 1801-ல் அது 140 பவுண்டுக்கு விலை போயிற்று. சில மாதத்தில் ஜான் டே என்பவர் 250 பவுண்டுக்கு வாங்கினார். அதே ஆண்டு ஜூலையில் 2,000 பவுண்டு தருகிறேன் என்று ஒருவர் வந்தும் டே கொடுக்கவில்லை. டர்ஹாம் எருது என்று பெயர் வைத்து, தனி வண்டியில் ஏற்றி, குதிரை பூட்டி, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சுற்றிக் கட்டணம் வாங்கிக் காட்டினார். ஐந்து வயதில் அதன் எடை 3,024 பவுண்டு, நம் கணக்கில் 1,370 கிலோ. அதன் படம் அச்சாகி ஒரே ஆண்டில் 2,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. பீங்கான் தட்டுகளில் ஏறியது. மதுக்கடைகளுக்குப் பெயரானது, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஓர் ஊரே அந்தப் பெயரில் இருக்கிறது. 1807 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் இடுப்பு மூட்டு பிசகியது. தேறாததால் ஏப்ரலில் வெட்டினார்கள்.

ராபர்ட்டின் பங்குக்கு ஒரு வெள்ளைக் கிடாரி ஊர் சுற்றியது. அதுவும் ஃபேவரிட்டின் மகள்தான். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்தது. அப்படிப் பிறக்கும் கிடாரி பெரும்பாலும் மலடாக இருக்கும். ஆக, ஒரு பரம்பரையையே விற்றுக் கொடுத்த இரண்டு விளம்பர மாடுகளில் ஒன்று காயடித்தது, மற்றொன்று கன்று போடாது. சந்ததி வளர்க்க உதவாதவற்றை ஊட்டி ஊட்டிக் காட்சிக்கு அனுப்பிவிட்டு, உதவுகிறவற்றைத் தொழுவத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இதை நான் வியாபார மூளை என்றே சொல்வேன்.

1810 அக்டோபர் 11 அன்று கெட்டனில் சார்லஸ் தம் மாடுகளை ஏலம் விட்டார். 47 உருப்படிகள் போயின. காமெட்டை நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து 1,000 கினிக்கு எடுத்தார்கள். 8 கினி ஹபக்கின் வழிவந்த காளைக்கு இந்த விலை. எட்டு ஆண்டு கழித்து பார்ம்டனில் ராபர்ட்டும் ஏலம் விட்டார். 1820-ல் அவர் காலமானார். சார்லஸ் 1836 வரை இருந்தார். வம்சம் வம்சமாகக் கைமாறும் பண்ணைச் சொத்துகளில் காலிங் மாடுகள் சேரவில்லை. சேர்த்தவர்கள் கையாலேயே ஊருக்குக் கலைந்தன. மற்றவர்கள் அவற்றை வைத்து வளர்ந்தார்கள்.

1822-ல் ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் பண்ணை பண்ணையாக அலைந்து திரட்டிய வம்சாவளிப் புத்தகம் வெளிவந்தது. ஒரு மாட்டினத்துக்கென்று அச்சான முதல் பரம்பரைப் பதிவேடு அது. காமெட் 155, ஃபேவரிட் 252, ஹபக் 319 என்று காளைகளுக்கு அதில் எண் உண்டு. எண்ணைப் பார்த்து வயதைக் கணக்கிட வேண்டாம், எல்லாம் அகரவரிசை. சுத்த ரத்தத்துக்குச் சான்றாக வந்த புத்தகத்துக்குள் ஒரு சங்கடமும் இருந்தது. சார்லஸ் ஒரு கட்டத்தில் கொம்பில்லாத ஸ்காட்லாந்து இனமான காலோவேயின் ரத்தத்தைத் தம் மாடுகளில் கலந்திருந்தார். எதிரிகள் இதைக் கலப்படம் என்று தூற்றினார்கள். ஆனால் கெட்டன் ஏலத்தில் அந்த வழி வந்த லேடி என்ற பசு, 14 வயதிலும் 206 கினிக்குப் போனது.

சுத்தத்தை வழிபட்டவர்களின் கதை வேறு மாதிரி முடிந்தது. தாமஸ் பேட்ஸ் அதே ஏலத்தில் 183 கினிக்கு வாங்கிய யங் டச்சஸ் என்ற கிடாரியின் வழியை அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். 1873-ல் நியூயார்க் மில்ஸ் ஏலத்தில் அந்த வழிப் பசு ஒன்று 40,600 டாலருக்குப் போனது. மாட்டுக்குக் கொடுத்த விலை அல்ல, காகிதத்துக்குக் கொடுத்த விலை என்பது என் தீர்ப்பு. அந்தப் பரம்பரை சினை பிடிக்காமல் தேய்ந்துபோயிற்று. இதற்கு மாறாக, டெக்சாஸின் கிங் பண்ணையில் ஷார்ட்ஹார்னையும் இந்தியத் திமில் மாடுகளின் வழிவந்த பிராமன் இனத்தையும் கலந்து சான்டா ஜெர்ட்ரூடிஸ் என்ற இனத்தை உண்டாக்கினார்கள். வெயிலைத் தாங்கி நன்றாகக் கறி பிடித்த அதை 1940-ல் அமெரிக்க அரசு தனி இனமாக ஏற்றது. அதன் ரத்தத்தில் எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், மூன்று பங்கு பிராமன்.