ஆர்மேனியன் வீதி உரைக்கும் பாடம்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் வீதி வழியே நம்மில் பலர் நடந்திருக்கிறோம். அப்பெயர் வந்த வழியை வினவினோர் சிலரே.

1604-ஆம் ஆண்டில் துருக்கியரோடு போரிட்ட பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரை ஜூல்பா நகரத்து ஆர்மேனியரைப் பலவந்தமாகப் பெயர்த்து, தம் தலைநகராகிய இஸ்பகானுக்கருகே குடியேற்றினார். பட்டு வணிகத்துக்கு அவர்தம் திறமை வேண்டியிருந்தது. வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் புதிய ஊருக்கும் புது ஜூல்பா என்றே பெயரிட்டனர்.

அவ்வூர் வணிகர் சென்னைக்கும் கிழக்கு நாடுகளுக்கும் பரவினர். பினாங்கில் 1885-இல் தோன்றிய ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஓட்டலை நிறுவிய சார்க்கீஸ் சகோதரரும் அவ்வழியினரே. ஆர்மேனியர் இங்கு எழுப்பிய தேவாலயம் இன்றில்லை. வீதியின் பெயர் நிற்கிறது.

நாமும் பிறர் இலாபத்துக்காகக் கடல் கடந்து கொணரப்பட்டோரின் மக்களன்றோ? பாட்டன் புறப்பட்ட ஊரின் பெயரை நம் பிள்ளைகள் அறிவரா? அறியாராயின் இன்றே சொல்லுவோம். ஊரைப் பறித்தது பிறர் செய்கை. நினைவை இழப்பது நம் குற்றமே.