அவுரி நீலமும் சோழமண்டலத் துணியும்

தேக்காவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அவுரிப் பொடி கேட்டுப் பாருங்கள். "தலைமுடிக்கா?" என்றுதான் கேட்பார்கள். மருதாணியோடு கலந்து நரைக்குப் பூசுவது என்றே அது இன்று நமக்குத் தெரியும். இதே செடியின் நீலத்தில் தோய்த்த பருத்தித் துணி ஒரு காலத்தில் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று விலைபோனது.

வரலாற்றில் நீலம்னாலே மாணவர்கள் சம்பாரண், காந்தி, 1917 என்று எழுதிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அது பீகாரில், சாய ஏற்றுமதிக்காகத் தோட்ட முதலாளிகள் குடியானவர்களைக் கட்டாயப்படுத்திய கதை. தமிழ்க் கரையில் நெடுங்காலம் முதல் சரக்கு துணிதான்.

செய்முறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். வெட்டிய அவுரியைத் தொட்டி நீரில் ஊறப்போட்டால் புளித்துச் சாறு இறங்கும். அந்த நீரை வேறு தொட்டிக்கு மாற்றி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கலக்குவார்கள். காற்று படப்பட நீலம் பிரிந்து அடியில் படியும். அதைக் காய்ச்சி, வடித்து, அழுத்திக் கட்டியாக்குவார்கள். இந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. முக்கியமான இடம் இதுதான். சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துச் சாடியில் மறுபடி புளிக்கவைத்தால்தான் நீலம் நிறமிழந்து கரையும். வேதியியலில் இதை ஒடுக்கம் என்கிறோம். நூலை முக்கி எடுக்கும்போது மஞ்சள்பச்சை. பிழிந்து உதறினால் கண்ணெதிரே நீலமாகும். அடர் நிறம் வேண்டுமானால் திரும்பத் திரும்பத் தோய்க்க வேண்டும். சாயவேர்ச் சிவப்பு துணியில் பிடிக்கப் படிகாரம் வேண்டும், அவுரிக்கு வேண்டாம். சுண்ணாம்பின் காரம் பட்டையும் கம்பளியையும் கெடுக்கும், பருத்தி தாங்கிக்கொள்ளும்.

1610இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கால் ஊன்றியது இந்தத் துணிகளுக்காகத்தான். நம் பக்கத்துத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கச் சோழமண்டலத் துணியே நல்ல மாற்றுப்பண்டம். சிங்கப்பூரும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சியில்தான் வருகிறது. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளையோடு பருத்தித் துணி வியாபாரமும் செய்தார். நாம் வகுப்பில் ஸ்ரீ மாரியம்மன் கோயிலோடு அவர் பெயரை நிறுத்திவிடுகிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. புதுச்சேரியிலிருந்து 'கினே' என்ற நீலத்துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றினார்கள். அங்கே அடிமைகளை வாங்கவும், பிறகு செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்கவும் அது பணம்போலப் புழங்கியது. நெய்தவருக்கும் தோய்த்தவருக்கும் அது போய்ச் சேர்ந்த இடம் தெரிந்திருக்குமா? கைவினைப் பெருமையை மட்டும் எழுதும் கட்டுரைக்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். இந்தச் செய்தியையும் சேருங்கள்.

1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலையில் போட்டிபோட முடியாமல் தென்னார்க்காட்டு அவுரி வயல்கள் சுருங்கின. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் சிறிய அளவில் அவுரி பயிராகிறது. இலையைத் தொட்டியில் ஊறப்போட்டுத்தான் நீலம் எடுக்கிறார்கள்.